நெடுஞ்சாலையின் வாசல் எங்கே?

ஜொகூர் சிறுபட்டணங்களின் வளர்ச்சியும் போக்குவரத்து நெரிசலும்

முன்னுரை

புதிய நெடுஞ்சாலை வந்தால் ஊர் வளரும். ஊர் வளர்ந்தால் வேலை பெருகும். வேலை பெருகினால் பிள்ளைகள் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. பள்ளிக்கூட நாள்களில் ‘மேம்பாடு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதியவர்கள் எல்லோரும் இந்த மூன்று வாக்கியங்களை ஏதாவது ஒரு வடிவில் எழுதியிருப்போம். இன்றும் புதிய சாலைத் திட்டமோ பெரிய தொழிற்பேட்டையோ அறிவிக்கப்படும்போது நாளிதழ்களில் நாம் படிப்பது ஏறக்குறைய இதையேதான்.

ஆனால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் ஜொகூர் மாநிலத்தின் சிறுபட்டணங்களைப் பார்த்தால், அந்த மூன்று வாக்கியங்களும் எல்லா ஊர்களுக்கும் பொருந்தவில்லை என்பது தெரிகிறது. சில ஊர்கள் வளர்ந்தன. சில ஊர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இன்னும் சில ஊர்கள் வளர்ந்ததாலேயே நெரிசலில் மூச்சு முட்டுகின்றன. ஒரே சாலை ஏன் ஊருக்கு ஊர் வெவ்வேறு பலனைத் தந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயிலிலிருந்து சாலைக்கு

நெடுஞ்சாலை ஓர் ஊரை ஒதுக்கிவைப்பது ஜொகூருக்குப் புதிதல்ல. 1909-ஆம் ஆண்டு இரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அந்தப் பாதை நெடுகிலும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பரை ஏற்றவும் அரிசியை இறக்கவும் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் கடைவரிசைகள் தோன்றின. நம் முன்னோர்களில் பலர் இந்த நிலையங்களில் இறங்கித்தான் தோட்டங்களுக்குள் நடந்து போனார்கள்.

பின்னர் லோரியும் பேருந்தும் பெருகியபோது வணிகம் சாலையோரம் நகர்ந்தது. இதற்குச் சான்று ஓர் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ரெங்கம் என்பது இரயில் பாதையில் அமைந்த பட்டணம். கூட்டரசு சாலையிலிருந்து ரெங்கத்துக்குப் பிரியும் சந்திப்பில் உருவான ஊர் சிம்பாங் ரெங்கம். ‘சிம்பாங்’ என்றால் மலாய் மொழியில் சந்திப்பு. சந்திப்பாக இருந்த இடம் தனி ஊராக வளர்ந்தது. இன்று நெடுஞ்சாலையில் இறங்கு வழி இருப்பதும் சிம்பாங் ரெங்கத்தில்தான், ரெங்கத்தில் அல்ல.

முதலாம் எண் கூட்டரசு சாலை ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய், செனாய், கூலாய், சிம்பாங் ரெங்கம், ஆயர் ஈத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட் வழியாக வடக்கே செல்கிறது. இந்தச் சாலை ஊர்களின் நடுவே புகுந்து சென்றது. எனவே கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகும் ஒவ்வொரு வாகனமும் ஒவ்வொரு பட்டணத்தின் கடை வாசலையும் கடந்தாக வேண்டும். தேநீர், பழம், பெட்ரோல், பழுதான டயர் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சிலர் நின்றார்கள். அவர்கள் நின்றதால் கடைகள் பிழைத்தன.

வேலி போட்ட சாலை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பகுதி பகுதியாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமதுவால் அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. புக்கிட் காயு ஈத்தாம் முதல் ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கிலோமீட்டர் நீளம் கொண்ட இச்சாலை, பழைய சாலையை அகலப்படுத்திக் கட்டப்பட்டதல்ல. பெரும்பாலும் புதிய வழியில் அமைந்தது. அதைவிட முக்கியம், அது வேலி போட்ட சாலை. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். ஜொகூரில் தங்காக், பாகோ, யோங் பெங், ஆயர் ஈத்தாம், மச்சாப், சிம்பாங் ரெங்கம், செடெனாக், கூலாய், செனாய் போன்ற இடங்களில் அந்த வாசல்கள் உள்ளன.

பழைய சாலையில் ஊர் முழுவதுமே வாசலாக இருந்தது. நெடுஞ்சாலையிலோ இரண்டு வாசல்களுக்கு இடையே எத்தனை கம்பங்கள், தோட்டங்கள், கடைவீதிகள் இருந்தாலும் அவை கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சிகள் மட்டுமே. பயணிக்குப் பசித்தாலும் அவர் ஊருக்குள் வரவேண்டியதில்லை. பாகோ, மச்சாப் போன்ற ஓய்விடங்களில் சாப்பாட்டுக் கடை, தொழுகை அறை, கழிவறை, பெட்ரோல் நிலையம் அனைத்தும் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. முன்பு பட்டணத்தில் செலவழிந்த பணம் இப்போது ஓய்விடத்தில் செலவழிகிறது.

இங்கே இரண்டு வகை ஊர்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று, வழிப்போக்கரை நம்பிய ஊர். மற்றொன்று, சுற்றுவட்டார மக்களை நம்பிய ஊர்.

ஆயர் ஈத்தாம் முதல் வகையைச் சேர்ந்தது. பத்து பஹாட், குளுவாங், மெர்சிங் ஆகிய ஊர்களை இணைக்கும் 50-ஆம் எண் சாலையும் முதலாம் எண் சாலையும் குறுக்கிடும் நாற்சந்தி அது. அங்கே பேருந்துகள் நின்றன. பயணிகள் பீங்கான் பூச்சாடிகளையும் வறுத்த வேர்க்கடலையையும் வாங்கிச் சென்றார்கள். நெடுஞ்சாலை திறந்த பிறகு, தெற்கு வடக்காகச் செல்லும் நெடும்பயண வாகனங்களுக்கு அங்கே நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆனாலும் ஆயர் ஈத்தாம் அழிந்துவிடவில்லை. குளுவாங்கிற்கும் பத்து பஹாட்டிற்கும் போகிறவர்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வாசல் அங்கேயே அமைந்ததால் நாற்சந்தியின் பயன் ஓரளவு நிலைத்தது. பக்கத்து ஊரான யோங் பெங்கிற்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு வாசல்கள் கிடைத்தன. விரைவுப் பேருந்துகள் உணவுக்காக இறங்கி நிற்கும் ஊர் என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது.

சிகாமட்டின் கதை வேறு. பழைய சாலை சிகாமட் வழியாகவும் லாபிஸ் வழியாகவும் சென்றது. நெடுஞ்சாலையோ மேற்கே ஒதுங்கி, தங்காக், பாகோ வழியாகச் சென்றுவிட்டது. சிகாமட்டிலிருந்து வடக்கே போகிறவர் ஜெமெந்தா வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டித்தான் தங்காக் வாசலை அடையவேண்டும். அப்படியிருந்தும் சிகாமட் தாங்கி நின்றது. அது மாவட்டத் தலைநகர். மருத்துவமனை, அரசாங்க அலுவலகங்கள், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம், சுற்றிலும் செம்பனை, ரப்பர் நிலங்கள் என்று அதற்குச் சொந்தமான காரணங்கள் இருந்தன. அங்கே வருகிறவர்கள் அந்த ஊருக்காகவே வந்தார்கள். லாபிஸ் போன்ற சிறிய பட்டணங்களுக்கு அந்த அளவு பிடிமானம் இல்லை. நெடும்பயண வாகனங்கள் விலகிப்போன பிறகு அவற்றுக்கு மிஞ்சியது சுற்றியுள்ள தோட்டங்களின் வாங்கும் சக்தி மட்டுமே. தோட்டங்களில் ஆள் குறையக் குறைய அதுவும் குறைந்தது.

இது ஜொகூரில் மட்டும் நடந்ததல்ல

அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் கட்டப்பட்டன. பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளில் அவற்றின் விளைவுகளைச் சந்திரா, தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நெடுஞ்சாலை நேரடியாகக் கடந்து செல்லும் மாவட்டங்களில் வருமானம் உயர்ந்தது. அவற்றை ஒட்டியிருந்தும் நெடுஞ்சாலை இல்லாத மாவட்டங்களில் குறைந்தது என்று அவர்கள் கண்டனர். அதாவது, சாலை புதிய வணிகத்தை உருவாக்கியதைக் காட்டிலும் இருந்த வணிகத்தை இடம் மாற்றியதே அதிகம்.

சீனாவைப் பற்றி பென்ஜமின் ஃபேபர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பெருநகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலை தங்கள் வழியாகச் சென்ற சிறிய மாவட்டங்களில், அத்தகைய சாலை இல்லாத மாவட்டங்களைவிடத் தொழில்துறை வளர்ச்சி குறைந்தது என்பது அவருடைய முடிவு. காரணம் எளிது. சாலை இருவழிப்பட்டது. சிறிய ஊரின் பொருள் பெருநகருக்குப் போக வழி பிறக்கும்போதே, பெருநகரின் மலிவான பொருள் சிறிய ஊருக்குள் நுழையவும் வழி பிறந்துவிடுகிறது. ஜொகூர் பாருவின் பேரங்காடி ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்துவிட்டால், பட்டணத்துத் துணிக்கடையில் தீபாவளிக்குத் துணி எடுப்பவர் எத்தனை பேர்?

நகரத்துக்கு அருகில் உள்ள ஊர்

இதுவரை சொன்னது நகரத்திலிருந்து தொலைவில் உள்ள ஊர்களைப் பற்றி. நகரத்துக்கு அருகில் உள்ள ஊருக்கு நெடுஞ்சாலை வந்தால் நேர்மாறானது நடக்கிறது. கூலாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு காலத்தில் தோட்டங்களும் புதுக்கிராமமும் சூழ்ந்த பட்டணம் கூலாய். அருகில் செனாய் விமான நிலையம் 1974-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நெடுஞ்சாலை வந்தபின் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குச் சென்று திரும்பும் தூரத்தில் கூலாய் அமைந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டு நவம்பரில் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்புடன் தொடங்கப்பட்ட இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்தில் கூலாயும் செனாயும் அடங்கின. 2008-இல் ஜொகூர் பாரு மாவட்டத்திலிருந்து பிரிந்து ‘கூலாய்ஜெயா’ என்ற தனி மாவட்டம் உருவானது. 2015-இல் அது மீண்டும் கூலாய் என்ற பெயரையே பெற்றது. 2011 இறுதியில் நெடுஞ்சாலையை ஒட்டி இண்டாபுராவில் ‘ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ்’ திறக்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் செடெனாக் பகுதியில் தரவு மையங்கள் எழுந்து வருகின்றன. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளன.

இவையெல்லாம் வளர்ச்சிதான். ஆனால் வளர்ச்சி வரும் அதே வாசல் வழியாக நெரிசலும் வருகிறது. நெடுஞ்சாலை அகலமாக இருக்கும்போது பட்டணத்துக்குள் ஏன் நெரிசல் ஏற்படுகிறது? சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

சந்திப்பின் கணக்கு

தடையில்லாமல் ஓடும் நெடுஞ்சாலையில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்களைக் கடத்தும். சமிக்ஞை விளக்கு உள்ள சந்திப்பில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால்தான் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,900 வாகனங்கள் கடக்கும். நான்கு திசைக்கும் நேரத்தைப் பங்கிட்ட பிறகு ஒரு திசைக்கு 100 வினாடியில் 30 வினாடி பச்சை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தடம் கடத்துவது மணிக்கு 570 வாகனங்கள் மட்டுமே. இரண்டு தடம் இருந்தால் 1,140.

இனி வீடுகளுக்கு வருவோம். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் கையேடு, ஒரு தனி வீட்டிலிருந்து மாலை உச்ச நேரத்தில் ஏறத்தாழ ஒரு வாகனப் பயணம் உண்டாகும் என்று கணக்கிடுகிறது. நமக்கு அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். 2,000 வீடுகள் கொண்ட ஒரு தாமான், உச்ச நேரத்தில் 1,000 வாகனப் பயணங்களை உண்டாக்கும். அவற்றில் பெரும்பகுதி ஒரே திசையில், ஒரே சந்திப்பை நோக்கிச் செல்லும். அந்த ஒரு தாமானே சந்திப்பின் கொள்ளளவைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது. இரண்டாவது தாமான் கட்டப்பட்டால் என்ன ஆகும்? கொள்ளளவைவிட மணிக்கு 100 வாகனங்கள் மட்டும் கூடுதலாக வந்தாலும், ஒரு மணி நேரத்தில் 100 வாகனங்கள் தேங்கும். ஒரு வாகனத்துக்கு 7 மீட்டர் என்றால் ஒரே வரிசையில் 700 மீட்டர் நீளத்துக்கு அது நிற்கும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, பட்டணத்து நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அல்லர். நெடுஞ்சாலை வாசலை நாடி வந்த வீடுகளிலிருந்து புறப்படும் நாம்தான். இரண்டாவது, ஒரு பாதையின் கொள்ளளவை அதன் மிகக் குறுகிய இடமே தீர்மானிக்கிறது. வாசல் வரை ஆறு தடம் போட்டாலும், வாசலுக்கு அப்பால் இருப்பது பழைய கூட்டரசு சாலையும் அதே சந்திப்பும் என்றால், தேக்கம் இடம் மாறுமே தவிரத் தீராது.

ஜொகூர் பாலமே இதற்குப் பெரிய சான்று. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குப் பரவல் நெடுஞ்சாலை ஜொகூர் பாருவில் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து குடிநுழைவு வளாகத்துக்கு விரைவாகச் செல்ல அது உதவியது. ஆனால் குடிநுழைவு முகப்புகளும் பாலத்தின் தடங்களும் அப்படியேதான் இருந்தன. எனவே விரைவாகச் சென்று வரிசையில் நிற்க முடிந்தது.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் நிரந்தரமாகத் தீராது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டுராண்டன், டர்னர் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு இது: நெடுஞ்சாலைத் தடங்கள் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடிவிடுகிறது. பயணம் எளிதானதும் முன்பு போகாதவர்கள் போகத் தொடங்குகிறார்கள். இன்னும் தொலைவில் வீடு வாங்குகிறார்கள். பேருந்தை விட்டுக் காருக்கு மாறுகிறார்கள். செனாய் வடக்குக்கும் யோங் பெங் தெற்குக்கும் இடையே நெடுஞ்சாலையை நான்கு தடத்திலிருந்து ஆறு தடமாக அகலப்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெருநாள் காலங்களில் அந்தப் பகுதியில் சிக்கித் தவித்தவர்களுக்கு அது நல்ல செய்திதான். அதோடு கூலாய், சிம்பாங் ரெங்கம், ஆயர் ஈத்தாம் பட்டணங்களின் உள்ளூர்ச் சந்திப்புகளும் மேம்படுத்தப்படுமா என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஒப்பீட்டுக்காக ஓர் எண்ணிக்கையையும் நினைவில் கொள்ளலாம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்க 4 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட விரைவு இரயில் சேவை, மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளைக் கொண்டு செல்லும் ஆற்றலுடன் வடிவமைக்கப்பட்டது. பெரும்பாலும் ஒருவர் மட்டுமே அமர்ந்து செல்லும் கார்களில் அத்தனை பேரும் போவதானால் எத்தனை தடம் தேவை என்பதை மேலே சொன்ன கணக்கைக் கொண்டு வாசகர்களே கண்டறியலாம்.

மாபெரும் திட்டங்கள்: கோத்தா திங்கியும் பெங்கேராங்கும்

சாலையைப் போலவே மாபெரும் திட்டங்களும் சிறிய ஊர்களை மாற்றுகின்றன. ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் இவ்விரண்டும் சேர்ந்தே வந்தன.

முன்பு ஜொகூர் பாருவிலிருந்து தெசாரு கடற்கரைக்குப் போக வேண்டுமானால் கோத்தா திங்கி வழியாகத்தான் போகவேண்டும். 77 கிலோமீட்டர் நீளமுள்ள செனாய் – தெசாரு நெடுஞ்சாலை 2009-இல் ஒரு பகுதியும் 2011-இல் முழுமையாகவும் திறக்கப்பட்ட பிறகு, வாகனங்கள் ஜொகூர் ஆற்றுப் பாலத்தின் மீது நேராகக் கடந்து சென்றன. கோத்தா திங்கி ஒதுங்கியது. விடுமுறை நாள்களில் அவ்வூர் மக்களை வாட்டிய தெசாரு வாகன வரிசை குறைந்தது. அந்த வரிசையை நம்பியிருந்த கடைகளின் வியாபாரமும் குறைந்தது. ஒரே சாலையின் நன்மையும் தீமையும் ஒரே ஊரில் வெவ்வேறு மக்களைச் சேர்ந்தன என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. மெர்சிங்கிற்குச் செல்லும் மூன்றாம் எண் கூட்டரசு சாலை இன்னும் அவ்வூர் வழியாகச் செல்வதாலும், அது மாவட்டத் தலைநகராக இருப்பதாலும் கோத்தா திங்கி நிலைத்து நிற்கிறது.

பெங்கேராங் இன்னும் பெரிய மாற்றத்தைக் கண்டது. பெட்ரோனாஸ் நிறுவனம் 2014 ஏப்ரலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெட்ரோலிய இரசாயனத் திட்டத்துக்கு இறுதி முதலீட்டு ஒப்புதல் அளித்தது. அதன் வளாகம் 6,242 ஏக்கர். நாளொன்றுக்கு 3 இலட்சம் பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றல் கொண்டது. 2018-இல் சவூதி அராம்கோ அதில் 50 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டது. திட்டத்துக்காகக் கம்பங்கள் இடம் மாற்றப்பட்டன. மக்களுக்குத் தாமான் பாயு டாமாய் என்ற குடியிருப்பு அமைக்கப்பட்டது. சீனச் சமூகத்தின் இடுகாடுகள்கூட இடம் பெயர்ந்தன.

அருகிலிருந்த சுங்கை ரெங்கிட், சிங்கி இறாலுக்குப் பெயர் பெற்ற மீனவப் பட்டணம். கட்டுமான ஆண்டுகளில் பல்லாயிரம் தொழிலாளர்கள் அங்கே குவிந்தார்கள். அறை வாடகை ஏறியது. ஒட்டுக்கடைகள் பெருகின. ஒரு கம்பச் சாலையில் தொழிலாளர் பேருந்துகளும் கனரக லோரிகளும் ஓடின. ஆனால் இத்தகைய ஆலையைக் கட்டுவதற்குத் தேவைப்படும் ஆள் பலத்தில் சிறு பகுதிதான் அதை இயக்கத் தேவைப்படும். கட்டி முடிந்ததும் பெரும்பாலான தொழிலாளர்கள் வெளியேறினர். அதன் பின்னர் 2020-இல் கோவிட் பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது. கட்டுமானக் காலக் கூட்டத்தைப் பார்த்து, அது நிலைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி அறைகள் கட்டுபவர் எந்த ஊரிலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். மாபெரும் திட்டம் அறிவிக்கப்படும்போது ‘எத்தனை வேலை?’ என்று மட்டும் கேட்பது போதாது, ‘எத்தனை ஆண்டுக்கு?’ என்றும் கேட்கவேண்டும். தரவு மையங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். அவை பரந்த நிலத்தையும் ஏராளமான மின்சாரத்தையும் நீரையும் பயன்படுத்துகின்றன. கட்டி முடிந்தபின் அவற்றுக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு.

நம் சமூகத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன ஊர்ப் பெயர்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சிகாமட், லாபிஸ், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், உலு திராம், மாசாய். நம்மில் பலருக்கு இவை தாத்தா பாட்டியின் ஊர்கள். நெடுஞ்சாலையின் இருவேறு விளைவுகளும் நம் சமூகத்தை இரு முனைகளிலும் தொட்டிருக்கின்றன.

நகரத்துக்கு அருகில், நெடுஞ்சாலை வாசல் வந்த இடங்களில் தோட்ட நிலத்தின் மதிப்பு மாறியது. ஓர் ஏக்கரில் எத்தனை செம்பனை மரம் என்ற கணக்குப் போய், ஓர் ஏக்கரில் எத்தனை வீடு என்ற கணக்கு வந்தது. நிலம் விற்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு வேலை, லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய நான்கும் அந்த ஒரே நிலத்தில் இருந்தன. நிலம் கைமாறியபோது நான்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. அதே நிலத்தில் எழுந்த மாடி வீட்டை வாங்க அவருடைய சம்பளம் போதவில்லை. மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவர்கள், வேலைக்காக முன்பைவிட நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஆனார்கள். பொழுது விடியுமுன் சிங்கப்பூர் எல்லையை நோக்கி விரையும் மோட்டார் சைக்கிள்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தொலைவில் உள்ள பட்டணங்களில் நடந்தது வேறு. அங்கே நிலத்தை யாரும் கேட்கவில்லை, ஆட்கள்தான் போய்விட்டார்கள். படித்தவர்கள் நெடுஞ்சாலை ஏறி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சென்றார்கள். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறங்களிலும் சிறுபட்டணங்களிலும் உள்ள பள்ளிகள் இந்த வகையில் விழும்போது, புதிய தாமான்களை ஒட்டிய பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை என்ற குரல் எழுகிறது. தோட்டப்புறப் பள்ளியின் உரிமத்தைப் புதிய குடியிருப்புக்கு மாற்றுவது ஒரு தீர்வாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்குப் புதிய குடியிருப்பின் திட்ட வரைபடத்தில் பள்ளிக்கு நிலம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். வீடுகள் கட்டி முடிந்தபின் நிலம் கேட்டு மனு கொடுப்பதும், வரைபடம் தயாராகும்போதே கேட்பதும் ஒன்றல்ல.

என்ன கேட்க வேண்டும்?

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். சாலைக்கும் அது பொருந்தும். அளக்கும் வழிமுறைகள் நம் நாட்டுச் சட்டத்திலேயே உள்ளன. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி மாநிலக் கட்டமைப்புத் திட்டமும் வட்டாரத் திட்டமும் தயாராகும்போது, அவற்றின் நகல் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு ஏறத்தாழ ஒரு மாத காலம் வைக்கப்படவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு கேட்கப்படுகிறது. குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கட்டாயம். இந்த வாய்ப்புகளை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. வரைபடம் மலாய் மொழியிலும் தொழில்நுட்பச் சொற்களிலும் இருப்பது பெரியவர்களுக்குத் தடையாக இருக்கலாம். நமக்கு அது தடையல்ல.

புதிய சாலையோ பெரிய திட்டமோ அறிவிக்கப்படும்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். வாசல் எங்கே அமைகிறது? அந்த வாசலுக்கும் ஊருக்கும் இடையிலான உள்ளூர்ச் சாலையையும் சந்திப்பையும் யார், எப்போது மேம்படுத்துவார்கள்? இந்த ஊர் இப்போது யாரை நம்பிப் பிழைக்கிறது. அவர்கள் இனியும் இங்கே நிற்பார்களா? வேலையும் வீடும் பள்ளியும் இழப்பவர்களுக்கு அவை எங்கே, எந்த விலையில் கிடைக்கும்?

முடிவுரை

நெடுஞ்சாலை வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது நாம் அனைவரும் அதில்தான் போகிறோம். பழைய சாலையில் ஒரு நாள் முழுவதும் எடுத்த பயணம் இன்று சில மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் விரைவாகக் கடந்து போக முடிவது, கடந்து போகிறவருக்கு நன்மை. கடக்கப்படும் ஊருக்கு என்ன நன்மை என்பதைத் தனியாகத் திட்டமிட வேண்டும். அது தானாக வந்துவிடாது.

ஆகவே, அடுத்த நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவ நண்பர்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். தங்கள் மாவட்டத்தின் வட்டாரத் திட்டத்தை ஊராட்சி மன்ற அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் பெற்றோர் கடை வைத்திருக்கும் வரிசையும் எந்த நிறத்தில் குறிக்கப்பட்டுள்ளன, அடுத்த சாலை எங்கே வளைகிறது என்று பாருங்கள். பிறகு அதை வீட்டிலும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். சாலை போட்டு முடிந்தபின் எழுதப்படும் மனுவைவிட, கோடு போடும்போது எழுதப்படும் ஒரு பக்கக் கடிதத்துக்கு வலிமை அதிகம்.